ஊர்ப் பிள்ளைகள் கட்ட வேண்டிய வேஷம்

மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம், வாடிப்பட்டி பக்கத்து ஊர்களில் மந்தையம்மனுக்கோ முத்தாலம்மனுக்கோ பொங்கல் சாட்டினால், முளைப்பாரி, பால்குடம், அன்னதானத்தோடு ஒரு ராத்திரி நாடகமும் இருக்கும். பெரும்பாலும் 'வள்ளி திருமணம்'. இல்லையென்றால் 'பவளக்கொடி', 'அரிச்சந்திரா', 'சத்தியவான் சாவித்திரி'. இரவு பத்து மணிவாக்கில் பபூன் மேடையேறினால், வள்ளியும் முருகனும் மாலை மாற்றும்போது கிழக்கு வெளுத்துவிடும். இந்த நாடகத்துக்காக ஊர் இளைஞர்கள் ஓடியாடிப் பாடுபடுகிறார்கள். வீடு வீடாக வரி பிரிப்பது, மதுரைக்குப் போய் நடிகர்களுக்கு அச்சாரம் கொடுப்பது, நோட்டீஸ் அடிப்பது, மைக்செட்டும் சீன்செட்டும் பேசுவது, வந்தவர்களுக்குச் சாப்பாடு போடுவது எல்லாம் அவர்கள் தலையில்தான். அவர்கள் செய்யாத வேலை ஒன்றே ஒன்று: வேஷம் கட்டிப் பாடுவது. அதை வெளியூர்க்காரர்கள் வந்து செய்துவிட்டு விடிந்ததும் வேன் ஏறிப் போய்விடுகிறார்கள். அந்த ஒரு வேலையையும் ஊர்ப் பிள்ளைகள் ஏற்க வேண்டும், ஆண்டுக்கொரு பாட்டு நாடகத்தைத் தாங்களே பழகி ஆட வேண்டும் என்பதுதான் நான் சொல்ல வருவது. கேட்பதற்குப் பேராசையாகத் தோன்றலாம். ஆனால் மதுரை வட்டாரத்து நாடகம் உருவான விதத்தைப் பார்த்தால், சிறுபிள்ளைகள் பழகி ஆடியே வளர்ந்த கலை இது என்பது விளங்கும்.

இங்கே ஆடப்படுவது 'ஸ்பெஷல் நாடகம்'. கம்பெனி நாடகத்துக்கு ஒரு முதலாளி, நிலையான ஒரு குழு, நாள்கணக்கில் ஒத்திகை எல்லாம் உண்டு. ஸ்பெஷல் நாடகத்துக்கு இவை எதுவும் கிடையாது. நாயகனாகிற ராஜபார்ட் ஓர் ஊர், நாயகியாகிற ஸ்திரீபார்ட் வேறோர் ஊர், பபூன், டான்ஸ், ஆர்மோனியம், மிருதங்கம், ஆல்ரவுண்ட் என்று ஒவ்வொருவரையும் தனித்தனியாகப் பேசி அமர்த்துவார்கள். அன்று இரவு ஒப்பனை அறையில்தான் முதன்முதலாக ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கும் நடிகர்கள்கூட, பொழுது விடியும்வரை ஒரு தட்டுத்தடங்கலும் இல்லாமல் ஆடி முடிக்கிறார்கள். எப்படி முடிகிறது? எல்லாருடைய நெஞ்சிலும் இருப்பது ஒரே பாடம். எந்த இடத்தில் விருத்தம், எந்த இடத்தில் பாட்டு, பாட்டின் பொருளை வசனமாக எங்கே சொல்ல வேண்டும், எங்கே தர்க்கம் தொடங்க வேண்டும் என்பது ராஜபார்ட்டுக்கும் தெரியும், ஸ்திரீபார்ட்டுக்கும் தெரியும், ஆர்மோனியக்காரருக்கு இருவரைவிடவும் நன்றாகத் தெரியும். ஒரு புதிய இசை நாடகம் போட நினைக்கிற குழு கதை தேட வேண்டும், பாட்டு எழுத வேண்டும், மெட்டமைக்க வேண்டும். மதுரை மாவட்டத்து ஊரொன்றுக்கு இந்த மூன்றும் கையில் தயாராக இருக்கின்றன. கூப்பிடு தூரத்தில் சொல்லிக்கொடுக்க ஆளும் இருக்கிறார்கள். பல ஊர்களில் சிமெண்ட் நாடக மேடையே கட்டிப் போட்டிருக்கிறார்கள்; ஆண்டில் ஓரிரு நாள் தவிர மற்ற நாளெல்லாம் அதில் நெல்லோ துணியோ காய்கிறது.

அந்த ஒரே பாடத்தைப் பெரும்பாலும் தந்தவர் சங்கரதாஸ் சுவாமிகள். தூத்துக்குடிக்குப் பக்கத்துக் காட்டுநாயக்கன்பட்டியில் 1867இல் பிறந்தவர், 1922இல் புதுச்சேரியில் மறைந்தார். மதுரைத் தமிழ்ச் சங்கம் சாலையில் அவருக்குச் சிலை இருக்கிறது. இன்றும் நாடகக்காரர்கள் குருபூஜை நடத்தி அவரைக் கும்பிடுகிறார்கள். வளர்ந்த நடிகர்கள் சொன்னபடி கேட்பதில்லை, குடித்துவிட்டு வருகிறார்கள், பாடத்தைவிட்டு மனம்போனபடி பேசுகிறார்கள் என்ற குறை அந்தக் காலத்து நாடக ஆசிரியர்களுக்கு இருந்தது. அதற்கு மாற்றாக எழுந்தவைதான் பாலர் சபைகள், மக்கள் வாயில் 'பாய்ஸ் கம்பெனிகள்'. சுவாமிகள் 1918இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைத் தொடங்கினார். டி.கே.எஸ். சகோதரர்கள் அதில்தான் சேர்ந்தார்கள். அவர்களில் டி.கே. சண்முகம் 1912இல் பிறந்தவர். சேரும்போது ஆறு வயது. சுவாமிகள் 'அபிமன்யு சுந்தரி' நாடகத்தைப் பாட்டும் வசனமுமாக ஒரே இரவில் எழுதிமுடித்தார் என்று பிற்காலத்தில் சண்முகம் பதிவு செய்திருக்கிறார். எழுதிய வேகத்தைப் பற்றித்தான் எல்லாரும் வியக்கிறார்கள். எனக்கு அதைவிடப் பெரிதாகத் தோன்றுவது, அதைப் பாடம் செய்து ஆடியவர்கள் பள்ளிக்கூடத்து வயதுச் சிறுவர்கள் என்பது. வெண்பாவும் விருத்தமும் சந்தமும் செறிந்த அந்தப் பாடத்தை ஏழு, எட்டு வயதுப் பிள்ளைகள் மனப்பாடமாக்கிச் சுருதி தவறாமல் பாடினார்கள். எம்.ஜி.ஆரும் பி.யு. சின்னப்பாவும் மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியில் சிறுவர்களாக வேஷம் கட்டியவர்கள். எஸ்.ஜி. கிட்டப்பா மீசை முளைக்கும் முன்பே ஊர்ஊராகப் பெயர் வாங்கிவிட்டார். தமிழ் சினிமா பேசத் தொடங்கியபோது அதற்குப் பாட்டும் கதையும் கொடுத்தது இந்த மேடைதான். 1934இல் வந்த 'பவளக்கொடி' படத்தில் ஐம்பது பாட்டுகள்வரை இருந்ததற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

இதைப் பழகுகிற பிள்ளைக்கு என்ன கிடைக்கும் என்று கேட்டால், வள்ளி திருமணத்தில் நாரதர் வருகையை மட்டும் கவனித்தால் போதும். மேடையில் யாரும் இல்லை. ஆர்மோனியக்காரர் கட்டையை அழுத்திச் சுருதி காட்டுகிறார். நாரதர் திரைக்கு உள்ளே நின்றபடியே முதல் அடியை எடுக்கிறார். முகம் தெரியும் முன் குரல் வந்துவிடுகிறது. அந்தக் குரல் சுருதியில் நிற்க வேண்டும். மைக் இல்லாத காலத்தில் ஐந்து கட்டை, ஐந்தரைக் கட்டையில் எடுத்தால்தான் மந்தையின் கடைசி வரிசைக்குக் கேட்கும். இன்று மைக் இருக்கிறது, கட்டை குறைந்திருக்கிறது. ஆனால் உள்ளேயிருந்து சரியான இடத்தில் எடுக்கிற சோதனை அப்படியே இருக்கிறது. பிறகு மேடைக்கு வந்து விருத்தத்தை நிறுத்தி நிதானமாகப் பாடுகிறார், ஆர்மோனியக்காரர் பின்பாட்டில் அதைத் தாங்குகிறார். வள்ளி தினைப்புனத்தில் நிற்கிறாள். முருகனைக் கட்டிக்கொள் என்கிறார் நாரதர். மாட்டேன் என்கிறாள் அவள். இங்கே தர்க்கம் பிறக்கிறது. நாரதர் கேட்பதற்கு வள்ளி அந்த இடத்திலேயே பதில் சொல்ல வேண்டும், பதிலோடு ஓர் எதிர்க்கேள்வியும் வைக்க வேண்டும். எதிராளி எந்தப் பக்கம் இழுப்பார் என்பது முன்கூட்டித் தெரியாது. குறளிலிருந்து ஒன்றை அவர் எடுத்துப் போட்டால், புராணத்திலிருந்து ஒன்றை இவர் எடுத்துப் போடுவார். தேர்ந்த இரண்டு பேர் சேர்ந்துவிட்டால் இந்த ஒரு கட்டமே மணிக்கணக்கில் நீளும், சனம் அசையாது. உரக்கவும் திருத்தமாகவும் தமிழ் பேசுவது, மூச்சை அடக்கிப் பாடுவது, மனத்தில் உள்ளதை வேண்டிய நேரத்தில் எடுப்பது, எதிரே நிற்பவர் சொல்வதை முழுதாகக் கேட்டுப் பதில் சொல்வது என்று இத்தனையும் ஒரே கட்டத்தில் ஒரு பிள்ளைக்குக் கைவருகிறது. இவ்வளவையும் சேர்த்துக் கற்றுத்தரும் வேறு பயிற்சி ஒன்று நம் ஊர்களில் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

பாய்ஸ் கம்பெனிகளை முன்னுதாரணமாகக் காட்டுவது தகுமா என்ற கேள்வி இங்கே எழும். எழத்தான் வேண்டும். அங்கே அடியும் உதையும் இருந்தன. பிள்ளைகள் வருஷக்கணக்கில் வீட்டைப் பிரிந்து கிடந்தார்கள். எம்.ஜி.ஆரின் பள்ளிப்படிப்பு மூன்றாம் வகுப்போடு நின்றது. சிவாஜி கணேசன் தான் அநாதை என்று பொய் சொல்லி யதார்த்தம் பொன்னுசாமிப் பிள்ளையின் கம்பெனியில் சேர்ந்தார்; பெற்றோரைப் பார்க்கப் பல ஆண்டு காத்திருக்க நேர்ந்தது. மகரக்கட்டு உடைந்து குரல் கனத்துவிட்ட பையனுக்கு அதுவரை இருந்த மவுசும் போய்விடும். வறுமையும் அந்தக் கம்பெனிகளுக்கு ஆளெடுத்துக் கொடுத்தது. ஒரு வாய்ச் சோற்றுக்காகச் சேர்த்துவிடப்பட்ட பிள்ளைகள்தான் அதிகம். இவற்றில் எதையும் நான் மறைக்கவோ நியாயப்படுத்தவோ போவதில்லை. ஆனால் கலையைக் கற்றுத்தந்த முறை வேறு, பிள்ளையை வீட்டிலிருந்தும் பள்ளியிலிருந்தும் பிடுங்கிய ஏற்பாடு வேறு. இரண்டையும் பிரிக்க முடியும் என்பதற்குக் கண்முன்னே சாட்சி உண்டு. காஞ்சிபுரத்தை அடுத்த புஞ்சரசந்தாங்கல் கிராமத்தில் பெ. ராஜகோபாலும் ஹன்னே டி புருயினும் 2002இல் தொடங்கிய கட்டைக்கூத்து குருகுலம், 2020இல் மூடப்படும்வரை பள்ளிப்பாடத்தையும் கூத்தையும் சேர்த்தே சொல்லிக்கொடுத்தது. ஆண்பிள்ளைகளோடு பெண்பிள்ளைகளும் அங்கே வேஷம் கட்டினார்கள். நான் கேட்பது அதைவிடச் சிறியது. பிள்ளைகள் பள்ளிக்கோ கல்லூரிக்கோ வேலைக்கோ போய்க்கொண்டு, சொந்த வீட்டில் சாப்பிட்டுக்கொண்டு, அந்திநேரத்தில் பழகினால் போதும்.

அந்திநேரப் பழக்கத்தில் பாட்டு நாடகம் வருமா என்பவர்கள் இலங்கையின் மட்டக்களப்பைப் பார்க்கலாம். அங்கே வடமோடிக் கூத்தும் தென்மோடிக் கூத்தும் இன்றும் ஊர்க்காரர்கள் ஆடுகிறவை. வயலில் வேலை செய்கிறவர், மீன்பிடிக்கிறவர், படிக்கிற பையன் எல்லாரும் கூத்தர்கள். அண்ணாவியார் என்கிற ஆசான் ஒவ்வொருவரின் குரலையும் உடல்வாகையும் பார்த்து வேஷத்தை முடிவுசெய்து, அவரவர் பாட்டுகளைக் கொடுப்பார்; அதற்குச் சட்டம் கொடுத்தல் என்று பெயர். பிறகு மாதக்கணக்கில் இரவுகளில் பழக்கம். ஆட்டம் படிந்ததும் சதங்கை அணியும் சடங்கு, முழு உடுப்போடு பார்க்கும் அடுக்குப் பார்த்தல், கடைசியில் அரங்கேற்றம். நாடகம் ஓர் இரவில் முடிகிறது, அதற்கான வேலையில் ஊர் பல மாதம் கூடியிருக்கிறது. பேராதனைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1962இல் 'கர்ணன் போர்' கூத்தை மாணவர்களைக் கொண்டு மேடையேற்றினார். விடிய விடிய ஆடுகிற கூத்தைச் சுருக்கி, ஆட்டமும் பாட்டும் குலையாமல் கொடுக்க முடியும் என்று அது காட்டியது. ஜெர்மனியின் ஓபர்அமர்காவ் என்கிற சிற்றூரில் 1634 முதல் ஏசுவின் பாடுகளை ஊர்க்காரர்களே பாட்டும் வாத்தியமுமாக நடித்துவருகிறார்கள். பத்தாண்டுக்கு ஒருமுறை நடக்கும் அந்த நாடகத்தில், அவ்வூரில் பிறந்தவர்களும் இருபது ஆண்டு அங்கே குடியிருந்தவர்களும்தான் நடிக்கலாம். இவ்வளவு தூரம் போவானேன்? மதுரைப் பக்கத்து ஊர்களிலேயே ஒயிலாட்டத்துக்கு வாத்தியார் வைத்து, இளவட்டங்கள் கையில் துணியோடு ராமாயணப் பாட்டுக்கு வரிசை பிடித்து ஆடிப் பழகி, திருவிழாவில் அரங்கேற்றம் செய்யும் வழக்கம் இருக்கிறது. வாத்தியார் வைப்பதும் ராத்திரியில் பழகுவதும் இந்த மண்ணுக்குப் புதிதல்ல.

காலத்துக்கு ஒவ்வாத புராணக் கதைகளை இளைஞர்கள் ஏன் சுமக்க வேண்டும் என்பது இன்னொரு மறுப்பு. இதற்கான விடை திருமங்கலத்தில் வாழ்ந்த நாடக நடிகர் விஸ்வநாததாஸின் வாழ்க்கையிலேயே இருக்கிறது. 1886இல் சிவகாசியில் பிறந்தவர். வள்ளி திருமணத்தில் முருகனாக நின்று, தினைப்புனத்தில் பறவை விரட்டும் இடத்தில் வெள்ளைக் கொக்கைப் பாடினார். கூட்டம் வெள்ளைக்காரனைப் புரிந்துகொண்டது. போலீஸ் வாரண்டோடு மேடைக்கு எதிரே காத்திருந்த இரவுகள் பல. 1940 டிசம்பர் 31ஆம் தேதி சென்னையில் முருகன் வேஷத்தில் மயில்மீது அமர்ந்தபடியே உயிர்விட்டார். கதை பழையதுதான், அதற்குள் அவர் வைத்தது அன்றைய அரசியல். டி.கே.எஸ். சகோதரர்கள் 1931இல் 'தேசபக்தி' நாடகம் போட்டதும் புராணம் பழகிய அதே தொண்டையோடுதான். ஸ்பெஷல் நாடகத்தின் அமைப்பே இதற்கு இடம் கொடுக்கிறது. பபூனின் பேச்சிலும் தர்க்கத்திலும் ஊர்க் கண்மாயும் வரலாம், டாஸ்மாக்கும் வரலாம், கல்லூரிக் கட்டணமும் வரலாம். கதையைப் பொறுத்தமட்டில், எதிரே நிற்பவன் கடவுள் என்று தெரியாமல் அவனை மறித்துக் கேள்வி கேட்கும் குறத்திப் பெண் வள்ளி. அவளிடம் இன்றைய பெண்பிள்ளைகளுக்குப் பேச ஒன்றும் இல்லை என்று என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

எல்லாவற்றையும்விடக் கடினமானது சாதி. விஸ்வநாததாஸ் மருத்துவர் சமூகத்தில் பிறந்தவர் என்பதால், அவரோடு ஜோடி சேர்ந்து நடிக்க மறுத்த நடிகைகள் இருந்தார்கள். துணிந்து நடித்தவர் மதுரையின் கே.பி. ஜானகி அம்மாள். அவரும் சிறுவயதிலேயே பாய்ஸ் கம்பெனியில் சேர்ந்து நாடகத்தில் வளர்ந்தவர். விடுதலைப் போராட்டத்தில் சிறை சென்றார். 1967இல் மதுரை கிழக்குத் தொகுதியிலிருந்து சட்டமன்றத்துக்குப் போனார். இன்று ஓர் ஊரில் பிள்ளைகள் நாடகம் பழகத் தொடங்கினால், யார் வீட்டுப் பையன் முருகன், எந்தத் தெருப் பெண் வள்ளி, எந்தச் சாவடியில் பழக்கம் என்ற கேள்விகள் முதல் நாளே வந்து நிற்கும். சாவடி சிலருக்குத்தான் சொந்தம் என்கிற ஊர்கள் இருக்கும்வரை, பழக்கம் பள்ளிக்கூடத்திலோ ஊராட்சிக் கட்டடத்திலோதான் நடக்க வேண்டும். வேஷத்தை ஊர்ப் பெரியவர்கள் பங்கு வைக்கக் கூடாது. வாத்தியார் ஆர்மோனியத்தின் முன் உட்காரவைத்துக் குரல் கேட்டுத் தீர்மானிக்க வேண்டும். சண்டை வரும் என்பதற்காக விட்டுவிடலாம் என்றால், கபடிக் குழுவையும் விட்டுவிட வேண்டியதுதான். பெண்பிள்ளைகளைப் பற்றிய தயக்கமும் இப்படித்தான். நாடகத்தில் நடிக்கும் பெண்களைத் தமிழ்ச் சமூகம் நெடுங்காலம் கேவலமாகப் பேசியிருக்கிறது; அந்தப் பேச்சுக்குப் பயந்துதான் பெற்றோர் மறுக்கிறார்கள். ஓபர்அமர்காவிலேகூட 35 வயதைத் தாண்டிய பெண்களையும் மணமான பெண்களையும் மேடையில் ஏற்றாத விதி, 1990இல் நீதிமன்றம் தலையிட்டபிறகுதான் ஒழிந்தது. இங்கே வழி அதைவிடச் சுலபமாகத் திறந்திருக்கிறது. 2022 முதல் அரசுப் பள்ளிகளில் நடக்கும் கலைத் திருவிழாவில் மாணவிகள் நாடகமும் பாட்டுமாக மேடையேறுவதைப் பெற்றோரே வந்து கைதட்டிப் பார்க்கிறார்கள். அதே பிள்ளைகள் அதே ஊர் மேடையில், வெளிச்சம் இருக்கும்போதே பழகி, பலர் முன்னிலையில் ஆடுவதில் தவறு காண்பதற்கு எதுவும் இல்லை.

இளைஞர்களுக்கு வேண்டியது ஆடல் பாடல் நிகழ்ச்சிதான், விருத்தத்தை யார் கேட்பார்கள் என்று சொல்லிக் கேட்டிருக்கிறேன். ஆடல் பாடலுக்கு ஆண்டுதோறும் போலீஸ் அனுமதி மறுப்பதும், விழாக் குழுவினர் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்குப் போவதும், ஆபாச ஆட்டமோ இரட்டை அர்த்தப் பாட்டோ கூடாது என்ற நிபந்தனையோடு அனுமதி வாங்குவதும் வழக்கமாகிவிட்டன. இளைஞர்களின் ரசனையைக் குறைசொல்வது என் நோக்கமல்ல. பார்ப்பதற்கு வேறொன்றும் தராமல், பார்க்கிறதைப் பழிப்பது நியாயமில்லை. தன் கூட்டாளி ராஜபார்ட்டாகவும், தன் தங்கை வள்ளியாகவும் நிற்கும் மேடையை எந்த இளைஞனும் விட்டுவிட்டுப் போகமாட்டான்.

எஞ்சியிருக்கும் மறுப்பு எனக்கு மிக முக்கியமானது. ஊரே ஆடத் தொடங்கினால் தொழில்முறை நடிகர்களின் வயிற்றில் அடிப்பதாகாதா? மாசி தொடங்கி ஆடிவரை ஓடும் சீசனை நம்பித்தான் அவர்கள் ஆண்டு முழுக்கச் சாப்பிடுகிறார்கள். 2020இலும் 2021இலும் கொரோனாவால் திருவிழாக்கள் நின்றபோது இரண்டு சீசனும் போய், பலர் கூலிவேலைக்குப் போனார்கள். அவர்கள் பிழைப்பைக் கெடுக்கும் எந்தத் திட்டமும் எனக்கு வேண்டாம். ஆனால் பிள்ளைகளின் நாடகத்தால் அவர்களுக்கு வருமானம் கூடத்தான் செய்யும். ஒன்று, கற்றுத்தரும் வாத்தியார்கள் அவர்கள்தான். சீசன் இல்லாத மாதங்களில், வருமானமே இல்லாத நேரத்தில், அந்தச் சம்பளம் அவர்களுக்குப் போகும். வயதாகிவிட்டது, இரவு முழுக்கப் பாட முடியவில்லை என்று ஒதுங்கிய ராஜபார்ட்களும் ஆர்மோனியக்காரர்களும் மதுரையிலும் சுற்றுவட்டாரத்திலும் இருக்கிறார்கள். அவர்கள் நெஞ்சில் இருப்பது அவர்களோடு போய்விடக் கூடாது. இரண்டு, பாடிப் பழகியவன்தான் நல்ல பாட்டை இனம் காண்பான். தர்க்கம் பழகிய பிள்ளைகள் இருக்கும் ஊரில், அரைகுறையாகப் பாடிவிட்டுப் போகும் செட்டுக்கு மறு ஆண்டு அச்சாரம் கிடைக்காது, நன்றாகப் பாடுகிறவருக்குக் கூடுதலாகவே கிடைக்கும்.

எப்படித் தொடங்குவது? முதல் ஆண்டிலேயே முழு நாடகம் வேண்டாம். அமர்த்திய செட்டு வழக்கம்போல் பத்து மணிக்கு மேடையேறட்டும். அதற்கு முன்னால் ஒரு மணி நேரம் பிள்ளைகளுக்கு. எடுத்துக்கொள்ள வேண்டியது நாரதர் – வள்ளி கட்டம் மட்டும். அதற்கு நாரதர், வள்ளி, தோழி என்று மூன்று வேஷம், ஓர் ஆர்மோனியம், ஒரு மிருதங்கம் போதும். நாரதருக்கும் வள்ளிக்கும் இரண்டிரண்டு பேரைப் பழக்கி வைத்தால், பரீட்சை என்றோ காய்ச்சல் என்றோ ஒருவர் வராவிட்டாலும் நிற்காது. வாத்தியத்துக்கு வெளியாள் வைத்துக்கொள்ளலாம். பசுமலையில் அரசு இசைக் கல்லூரி இருக்கிறது, அங்கே படிக்கும் மாணவர்கள் பக்கத்து ஊர்களிலேயே இருப்பார்கள். ஐப்பசி, கார்த்திகையில் சீசன் இல்லாதபோது வாத்தியாரை வாரம் இரண்டு அந்திக்கு வரவழைத்துப் பாடத்தையும் மெட்டையும் முடித்து, தை அறுவடைக்குப் பிறகு தர்க்கத்தைப் பழகினால் பங்குனிப் பொங்கலுக்கு ஒப்பேறிவிடும். நோட்டீஸில் வெளியூர் நடிகர்களின் படத்துக்கு மேலே பிள்ளைகளின் பெயரும் படமும் வர வேண்டும். இரண்டாம் ஆண்டு, முருகன் வேடனாகவும் விருத்தனாகவும் வரும் கட்டங்களைச் சேர்க்கலாம். மூன்றாம் ஆண்டு பபூனை ஊர்ப் பையனுக்கே விடலாம், ஊர் விஷயம் அவனுக்குத்தான் தெரியும். செலவைப் பொறுத்தவரை ஒன்றுதான்: நாடகத்துக்கு வரி பேசும் ஊர்க்கூட்டத்திலேயே வாத்தியார் சம்பளத்தையும் சேர்த்துப் பேசி நோட்டில் எழுதிவிட வேண்டும்.